‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’: பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு மோசமான எபிசோட்

விண்வெளிப் பயணக் கதைகளைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் டிரெக்கின் முதல் தொடரில் வந்த 79 எபிசோடுகளில் எது மிக மட்டமானது என்று ரசிகர்களைக் கேட்டால், பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் மூன்றாம் சீசனின் தொடக்கமான ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ (ஸ்பாக்கின் மூளை). எண்பதுகளில் தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பில் இத்தொடருக்கு அடிமையான நான், இந்த எபிசோடை முதன்முதலில் பார்த்தது வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். பிறகு பர்மா பஜாரில் வாங்கிய டிஸ்க்கில் பார்த்தேன். இப்போது உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ப்ளூ-ரே தொகுப்பில் பார்த்துவருகிறேன். தொடரை வரிசை மாறாமல் பார்ப்பது என் வழக்கம் என்பதால் இதையும் தாண்டிப் போவதில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: எல்லோரும் கேலி செய்யும் இடத்தில் இதன் குறை இல்லை.

கதை இதுதான். காரா என்ற பெண் என்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள் தோன்றி, அனைவரையும் மயங்கச் செய்து, கப்பலின் அதிகாரிகளில் ஒருவரான ஸ்பாக்கின் மூளையை எடுத்துக்கொண்டு மறைகிறாள். மூளையில்லாத உடலை 24 மணி நேரத்துக்கு மேல் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் மெக்காய் சொல்ல, கேப்டன் கிர்க் பனி மூடிய ஒரு கோளுக்குத் தேடிப் போகிறார். அங்கே மேற்பரப்பில் ஆண்கள் காட்டுமனிதர்களைப் போல வாழ்கிறார்கள். நிலத்துக்கு அடியில் பெண்கள் மட்டும் வாழும் நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் காற்று, வெப்பம், நீர் அனைத்தையும் இயக்கும் ‘கன்ட்ரோலர்’ ஆகத்தான் ஸ்பாக்கின் மூளை பொருத்தப்பட்டிருக்கிறது.

கேலிக்குரியவை நிறையவே உண்டு. ஸ்பாக்கின் உடலை மெக்காய் ஒரு சிறு கருவியால் இயக்க, அது பொம்மையைப் போல நடந்துவருகிறது. மூளையைத் திரும்பப் பொருத்தும் அறுவை சிகிச்சை முடிந்து எழுபவரின் தலைமுடி துளியும் கலையவில்லை. படப்பிடிப்பு முழுவதும் தமக்குச் சங்கடமாகவே இருந்ததாக ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் பின்னாளில் எழுதினார்; அந்த நடைக் காட்சிகளைப் பார்த்தால் அவர்மீது இரக்கமே வருகிறது. ஆனாலும் மூளையைத் திருடுவது என்ற கரு, இதே தொடரில் நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட பல கருக்களைவிட அபத்தமானது அல்ல.

எந்தக் கோளுக்குப் போவது என்று அதிகாரிகள் வரைபடத்தின் முன் நின்று ஆலோசிக்கும் காட்சியை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை. உயிர் வாழத்தக்க மூன்று கோள்களின் தொழில்நுட்ப நிலையைப் பூமியின் ஆண்டுகளோடு ஒப்பிட்டு அவர்கள் பேசுகிறார்கள். ஒன்று 1485ஆம் ஆண்டுக்கு நிகர், இன்னொன்று 2030க்கு நிகர். (அந்த 2030 நமக்கு இப்போது எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருக்கிறது.) ஸ்பாக் இல்லாமல் யோசிக்க வேண்டிய நெருக்கடியில் சூலு, செகாவ், உஹூரா மூவரும் தத்தம் பங்கைச் சொல்வதும், திருடியவர்களுக்கு அந்த மூளை எதற்கு என்ற சரியான கேள்வி உஹூராவிடமிருந்து வருவதும் நல்ல எழுத்து.

சரிவது முடிவில்தான். புதிய கன்ட்ரோலர் தன் மக்களைப் பத்தாயிரம் ஆண்டுகள் வாழவைக்கும் என்று நம்புகிறாள் காரா. அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் நகரம் நின்றுவிடும். ஒரு நண்பனின் உயிரா, ஒரு சமூகத்தின் உயிரா என்ற இந்தக் கேள்வியைத் தர்க்கமே உருவான ஸ்பாக்கிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? எபிசோட் அவரைக் கேட்கவே இல்லை. இனி மேலே போய் ஆண்களோடு சேர்ந்து வாழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கிர்க் சில வாக்கியங்களில் தீர்ப்பளித்துவிடுகிறார். பிறகு மெக்காயின் நகைச்சுவை, எல்லோரும் சிரிக்கிறார்கள், முடிந்தது.

சென்ற முறை என்னுடன் பார்த்த அக்கா மகள், “கீழ இருக்கறவங்களுக்கு இனிமே யாரு மாமா காத்து குடுப்பாங்க?” என்று கேட்டாள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தையும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுள்ள காட்டுப்பள்ளி ஆலையையும் அருகில் வைத்திருக்கும் வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். ஒரு நகரத்தின் விளக்கும் குழாயும் எங்கோ இருக்கும் ஓர் இயந்திரத்தை நம்பியிருக்கின்றன என்பதும், அதை நிறுத்துவது ஒரு வசனத்தில் முடியும் காரியமல்ல என்பதும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை எழுதியவர் திறமையற்றவராக இருந்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருக்காது. லீ குரோனின் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் ஜீன் கூன். 1967இல் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ அவர் எழுதியதுதான். சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் பாறை உயிரினம், தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று தெரிந்ததும், இரு தரப்பும் சேர்ந்து வாழும் ஓர் உடன்பாட்டை அந்தக் கதை பொறுமையாகக் கட்டி எழுப்பியது. எதிர்த்தரப்புக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கத் தெரிந்த அதே கை இங்கே கேட்காமல் விட்டுவிட்டது. மூன்றாம் சீசனில் தொடருக்கு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்ற மோசமான நேரம் ஒதுக்கப்பட்டது, பட்ஜெட் குறைந்தது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாடப் பணியிலிருந்து விலகி நிற்க, ஃப்ரெட் ஃப்ரைபர்கர் தயாரிப்பாளராக வந்தார். இவையெல்லாம் காரணமாக இருக்கலாம். ஆனால் கிர்க்குக்கும் காராவுக்கும் இடையே இரண்டு நிமிட உண்மையான வாக்குவாதம் எழுதப் பணம் தேவையில்லை.

ப்ளூ-ரே தொகுப்பில் பழைய தந்திரக் காட்சிகளையும், பிற்காலத்தில் கணினியில் புதிதாக உருவாக்கியவற்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி உண்டு. புதிய கப்பலும் கோளும் அழகாகவே இருந்தாலும், இந்த எபிசோடுக்குப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். அட்டைச் சுவர்களுக்கும் பளபளப்பான விண்வெளிக்கும் இடையிலுள்ள முரண் கண்ணை உறுத்துகிறது. முதன்முறையாகப் பார்ப்பவர்கள் ‘தி டெவில் இன் தி டார்க்’ எபிசோடை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். இதைப் பார்த்த வெறுப்பில் சீசனைக் கைவிட்டுவிடவும் வேண்டாம். ஒரே வாரம் கழித்து வந்த ‘தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்’ எபிசோடில், எதிரிக் கப்பலின் பெண் தளபதியை ஏமாற்ற வேண்டிய நிலையில் ஸ்பாக் படும் தர்மசங்கடத்தை நிமாய் முகத்தசை அசையாமல் காட்டியிருக்கிறார்.