ஜி.பி. ரோட்டில் பழைய புல்லட் கார்புரேட்டருக்குப் பாகம் வாங்குவது

பழைய புல்லட்டின் கார்புரேட்டருக்கு, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் உறுப்புக்கு, பாகம் வேண்டுமென்றால் நான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குத்தான் (ஜி.பி. ரோடு) போவேன், அடுத்தவரையும் அங்கேதான் அனுப்புவேன். ஆனால் கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாயால் சொல்லி வாங்குகிறவர் கையில் அந்தத் தெரு எதையாவது திணித்து அனுப்பிவிடும்.

என் வண்டி 1998 மாடல் ஸ்டாண்டர்டு 350. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது கால் கியர். கார்புரேட்டர் மிக்கார்ப் வி.எம். 24. ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து மறைமலைநகர் யூகால் நிறுவனம் செய்தது. 24 என்பது காற்றுத் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கியது, நிறுத்தி வைத்தால் பெட்ரோல் சொட்டியது, மைலேஜும் விழுந்துவிட்டது. பார்த்த மெக்கானிக்குகள் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "கார்புரேட்டரையே மாற்றிவிடுங்கள் அண்ணே." நான் அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவன். எங்கே தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்காமல் ஒரு பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அண்ணா சாலையை ஒட்டிய கடைகளில் சீட் கவர், ஹாரன், கண்ணாடி என்று அலங்காரச் சாமான்கள்தான் அதிகம். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளே தள்ளிப் போனால் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத சின்னக் கடைகள் வரும், நமக்கு வேண்டியவை அவைதான். நான் வழக்கமாகப் போகும் கடையின் பெயரைப் போடவில்லை, கடைக்காரருக்கு அதில் விருப்பமில்லை. பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "பழசு எங்கே சார்?" காட்டினால்தான் டப்பாவைத் திறப்பார். பக்கத்துக் கடையில் "புல்லட் கார்புரேட்டர் கிட்" என்று கேட்டபோது, பின்னால் வந்த யூ.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகை) வண்டியின் கிட்டை எடுத்து நீட்டினார்கள். அது வேக்குவத்தில் இயங்கும் டயஃப்ரம் கார்புரேட்டர். நம்முடையதோ காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை ஆக்சிலேட்டர் கேபிள் நேராக மேலே இழுக்கும் பழைய வகை. இரண்டும் புல்லட்தான் என்றாலும் அதன் கிட் இதற்கு உதவாது.

எது எதற்குப் பொருந்தும் என்பதில் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்து குழப்புவது ஜெட்டில்தான், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டில். மிக்குனி மெயின் ஜெட்டில் இரண்டு ஜாதி உண்டு, ஆறுபட்டைத் தலை ஒன்று, உருண்டைத் தலை மற்றொன்று. இரண்டிலும் 100 என்று பொறித்திருந்தாலும் ஒரே அளவு பெட்ரோல் போகாது. ஆறுபட்டை ஜெட்டின் எண், நிமிடத்துக்கு எவ்வளவு பாய்கிறது என்ற கணக்கு. கெய்ஹின் என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும், அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதனால் மரை ஏறிவிட்டது என்பதற்காக ஹீரோ ஹோண்டாவுக்கு வந்த கெய்ஹின் ஜெட்டை "நம்பர் ஒன்றுதானே சார்" என்று போடச் சொன்னால் கேட்காதீர்கள். மிக்குனிக்கு மிக்குனி, அதிலும் தலை வடிவம் பார்த்து வாங்கினால் வண்டி மாறினாலும் ஜெட் பொருந்தும். மாற்றிப் போடலாம் என்ற பேச்சு எனக்கு அந்த எல்லை வரைக்கும்தான்.

மைலேஜ் விழுந்ததற்குக் காரணம் நீடில் ஜெட். பித்தளைக் குழாய், அதற்குள் ஸ்லைடில் தொங்கும் நீடில் ஏறி இறங்கும். வருஷக்கணக்கான அதிர்வில் நீடில் ஒரு பக்கமாக உரசி உரசி, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று பிறை போல மின்னும். மிக்குனி நீடில் ஜெட்டுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்று ஏறினால் துளை 0.05 மில்லிமீட்டர் பெரிதாகும், எண் ஒன்று ஏறினால் 0.005. பி-0 என்றால் 2.650, பி-4 என்றால் 2.670. ஐந்து மைக்ரானுக்கு ஒரு படி! லேத்தில் அந்த அளவைப் பிடிக்க எங்களுக்கு வியர்க்கும். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருளைக் குத்தூசி விட்டுச் சுத்தம் செய்கிறவர்களை என்ன சொல்வது? என் ஜெட்டின் அதே குறியுள்ள ஜெட் பாயிடம் இருந்தது, பழைய அச்சிட்ட பெட்டியில். எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீடிலையும் சேர்த்து மாற்றுங்கள், தேய்ந்த நீடில் புதுக் குழாயையும் தின்றுவிடும்" என்றார். வியாபாரப் பேச்சு என்று நினைக்க வேண்டாம், உண்மைதான். நீடிலின் குறியில் முதல் எண் நீளம்: 5 என்றால் 50 முதல் 60 மில்லிமீட்டருக்குள். அடுத்த எழுத்து கூர்மையின் சரிவு. குறியே இல்லாத நீடிலை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்படிக் குறியில்லாத நீடில் எனக்கு இணையத்தில் வாங்கிய "முழு ரிப்பேர் கிட்"டில் வந்தது. விற்றவர் பெயர் வேண்டாம். மெயின் ஜெட்டின் துளையோரத்தில் பிசிறு, பாட்டம் காஸ்கெட் பள்ளத்தில் உட்காரவில்லை, ஃப்ளோட் வால்வின் வாஷர் பையிலேயே இல்லை. படத்தில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருந்தன. ஓ-ரிங்குகள் மட்டும் தேறின.

பெட்ரோல் சொட்டியதற்குக் காரணம் ஃப்ளோட் நீடில் வால்வு, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் ஊசி. இதை ஊசி தனி, இருக்கை தனி என்று வாங்கக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இருக்கையின் துளை அளவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இப்போது பம்பில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி உப்புகிறது. ஒருமுறை கழற்றிய காஸ்கெட் திரும்பப் பள்ளத்தில் இறங்க மறுத்தால் காரணம் அதுதான். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் சற்று வறண்டுபோகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிப் போட்டேன், வறண்ட கலவையால் வெளுத்திருந்த பிளக் பழுப்புக்கு வந்தது. எல்லா வண்டிக்கும் இதுதான் மருந்து என்று சொல்ல மாட்டேன், உங்கள் பிளக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்லைடு மட்டும்தான் என்னை அலையவிட்டது. அதன் அடியில் காற்று நுழையும் பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டுக்கும் எண் உண்டு, 2.0, 2.5 என்று. எண் கூடினால் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகும் நிலையில் கலவை வறளும். வி.எம். 28 கார்புரேட்டரின் ஸ்லைடு இதில் நுழையாது, அளவே வேறு. சரியான வெட்டு பாயிடமும் இல்லை. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினேன். அங்கே பழைய கார்புரேட்டர்கள் மூட்டையாகக் கிடக்கின்றன, விலையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் பாடியே தேய்ந்தவைதான் பெரும்பாலும். வாங்கும் முன் ஸ்லைடை உள்ளே இறக்கி, விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். தேய்ந்த பாடிக்குள் புது ஸ்லைடைப் போட்டாலும் பக்கவாட்டில் காற்று புகத்தான் செய்யும். என் பாடி நல்லவேளையாகத் தப்பித்திருந்தது. ஸ்லைடு கடைசியில் ஜி.பி. ரோட்டிலேயே வேறொரு சந்தில் கிடைத்தது.

"24-ஐக் கழற்றிவிட்டு 28 போடுங்கள், வண்டி பறக்கும்" என்று அங்கே ஒருவர் நிச்சயம் சொல்வார். 500 சி.சி. புல்லட்டுக்கு வந்த அளவு அது. 350-இல் போட்டால் ஜெட், நீடில், ஸ்லைடு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இருப்பவர்கள் செய்யட்டும்.

ஸ்லைடு உட்பட எல்லாம் சேர்த்தும் புதுக் கார்புரேட்டரின் விலையில் பாதிக்கு வரவில்லை. ஐட்லிங் இப்போது சீராக நிற்கிறது. தெருவைப் பற்றிக் குறை உண்டு. பில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஒரே ஜெட்டுக்குக் கடைக்குக் கடை விலை மாறுகிறது. யூகால் பெட்டி என்று காட்டுவதில் போலியும் கலந்திருக்கிறது, பெட்டியை விட்டுவிட்டு ஜெட்டில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். வண்டி நிறுத்த இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும், வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போய்விடுவார். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போவது உத்தமம். பழைய பாகத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள். அழுக்கோடு நீட்டினால் குறியைப் படிக்க முடியாமல் அவர் எரிச்சல்படுகிறார்.