விடையோடு விவரமும்: ஃபங்ஷன் எப்படித் திருப்பித் தரலாம்?

குமுளியில் ஏலக்காய்க் கடைக்கு பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நிகர எடை சொல்லும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) எண்ணை மட்டும் தந்தால் போதாது. சாக்குக்கு எவ்வளவு கழித்தது, எந்த மூட்டையை ஈரம் என்று ஒதுக்கியது என்றும் சொல்ல வேண்டும். சரக்கு கொண்டுவந்த கம்பம் ஊர் விவசாயி கேட்பார், கேட்க அவருக்கு உரிமை உண்டு. உள்ளேயே பிரிண்ட் போட்டால் அந்த விவரம் திரையோடு போய்விடும், பில்லில் அச்சாகாது.

எளிய வழி டியூப்பிள்: எடை, குறிப்பு என இரண்டையும் ஜோடியாகத் தருவது. ஃபங்ஷனை அழைக்கும் நிரலர் பிரித்துத்தான் ஆக வேண்டும், குறிப்பு கண்ணில் படாமல் போகாது. மூன்றாவது விவரம் சேர்ந்தால், ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர் வைக்கும் ரெக்கார்டுக்கு மாறுங்கள். எது எந்த இடத்தில் என்ற குழப்பம் வராது.

காமன் லிஸ்ப் என்ற நிரல் மொழியின் வழி வேறு. அங்கே 17-ஐ 5-ஆல் வகுக்கும் ஃப்ளோர் என்ற ஃபங்ஷன், ஈவு 3-ஐயும் மீதி 2-ஐயும் தரும். மீதி வேண்டாதவர் கேட்காமலே விட்டுவிடலாம், நிரல் மாறாது. வசதிதான். ஆனால் கழிவுக் கணக்கை அப்படி விட இடம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

குளோஜர் என்ற மொழியில் மெட்டாடேட்டாவை, அதாவது மதிப்பைப் பற்றிய கூடுதல் விவரத்தை, மதிப்போடே ஒட்டி அனுப்பலாம். இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும்போது அது கணக்கில் வராது. வெறும் எண்ணிலும் எழுத்துச் சரத்திலும் ஒட்டாது என்பதால், எடைக்கு இது உதவாது.

எடை, தரம், விலை, கமிஷன் என்று நாலைந்து ஃபங்ஷன்கள் தொடர்ந்தால் டியூப்பிள் சலிப்பூட்டும். ஒவ்வொரு படியிலும் பழைய குறிப்போடு புதியதைக் கையால் சேர்க்க வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் ரைட்டர் மோனாட், அதாவது விடையோடு குறிப்பையும் படிக்குப் படி கடத்தும் அமைப்பு, அந்தச் சேர்ப்பைத் தானே செய்கிறது. குறிப்பு மோனாய்டாக இருந்தால் போதும்: வெற்றுக் குறிப்பு ஒன்று, இரண்டைச் சேர்க்கும் விதி ஒன்று. ஒரு எச்சரிக்கை: வழக்கமான ரைட்டர், ஸ்ட்ரிக்ட் என்ற பெயருள்ளதும்கூட, நீண்ட ஓட்டத்தில் நினைவகத்தைத் தேக்கி வைக்கும். ஹாஸ்கெலின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற நிரல் நூலகத்தில் சிபிஎஸ் என்ற பெயரில் உள்ள ரைட்டர் வடிவத்தை எடுங்கள்.

அப்புறம், கணக்கு பாதியில் நின்றால்? விடை அல்லது பிழை, இரண்டில் ஒன்றைத் தரும் ஈதர் மேல் ரைட்டரை அடுக்கினால், பிழை வந்ததும் அதுவரை எழுதிய குறிப்பெல்லாம் போய்விடும். ரைட்டர் மேல், பிழையைக் கையாளும் அடுக்கான எக்ஸெப்ட்-டி-யை அடுக்கினால் பிழையும் கிடைக்கும், குறிப்பும் மிஞ்சும். சரக்கு தள்ளுபடியான அன்றுதான் விவசாயிக்குக் காரணம் அதிகம் தேவை. அதனால் இந்த வேலைக்கு இரண்டாவது அடுக்குதான்.