கண்ணின் தாவலை அளக்க: கேமராவா, எலக்ட்ரோடா?

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் சீராக வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் நிற்கும், சட்டெனத் தாவும், மறுபடி நிற்கும். அந்தத் தாவலுக்குத்தான் சாக்கேட் என்று பெயர். 10 பாகைத் தாவல் ஒன்று ஏறக்குறைய 45 மில்லி விநாடியில் முடிந்துவிடும். பெரிய தாவல்களின் உச்ச வேகம் விநாடிக்கு 500 பாகையையும் எட்டும். இதை அளக்க, அகச்சிவப்பு ஒளியில் கண்ணைப் படம்பிடிக்கும் வீடியோ முறை உண்டு. கண்ணோரத் தோலில் எலக்ட்ரோடு ஒட்டி மின்னழுத்தத்தை அளக்கும் இ.ஓ.ஜி. (எலக்ட்ரோ-ஆக்குலோகிராம்) முறையும் உண்டு. பழையது என்பதற்காகவே இ.ஓ.ஜி.யை ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு என்பேன்.

கண் ஒரு சிறிய மின்கலம் மாதிரி. முன்னால் உள்ள கார்னியா நேர்மின் பக்கம், பின்னால் உள்ள விழித்திரை எதிர்மின் பக்கம். கண் வலப்புறம் திரும்பினால் வலக் கண்ணோர எலக்ட்ரோடில் மின்னழுத்தம் கூடும். பாகைக்கு ஏறத்தாழ 15 மைக்ரோவோல்ட்தான் என்பதால் தோலைத் தேய்த்துத் துடைத்து, பசை வைத்து ஒட்டுவதில் சோம்பல் காட்டவே கூடாது. ஒழுங்காக ஒட்டிவிட்டால், ஆள் இடமும் வலமும் பார்க்கப் பார்க்கத் திரையில் படிக்கட்டு போலக் கோடு ஏறி இறங்கும். தொல்லை என்னவென்றால், கண் அசையாதபோதும் அந்தக் கோடு மெல்ல நகரும். அறை வெளிச்சம் மாறினால் கண்ணின் மின்னழுத்தமே மாறிவிடும், எத்தனை மைக்ரோவோல்ட் ஒரு பாகை என்ற அளவுத்திருத்தத்தை மறுபடி செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் ஓரிரு பாகைப் பிழை இருக்கும்.

வீடியோ முறை, கண்ணின் பாவையையும் (நடுவில் உள்ள கருந்துளை) கார்னியாவில் மின்னும் ஒளிப்புள்ளியையும் சேர்த்துப் பார்க்கிறது. நல்ல கருவி அரைப் பாகைக்குள் பார்வை எங்கே என்று சொல்லிவிடும். எங்கே பார்க்கிறார் என்பதே கேள்வியானால் பேச்சே வேண்டாம், கேமராதான். ஆனால் தொங்கும் இமை பாவையின் மேல்விளிம்பை மறைத்தாலோ, மைதீட்டிய இமைமயிரைக் கருவி பாவையென்று எடுத்துக்கொண்டாலோ கணக்குப் பிசகிவிடும்.

எவ்வளவு வேகம் என்று கேட்டால் கதை வேறு. விநாடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லி விநாடி இடைவெளி. 45 மில்லி விநாடித் தாவலுக்கு இரண்டு அல்லது மூன்று படம்தான் கிடைக்கும். உச்ச வேகம் அந்த இடைவெளிகளில் எங்கோ தொலைந்துபோகும். விநாடிக்கு 500 முறை பதியும் சாதாரண இ.ஓ.ஜி. அதே தாவலுக்கு 22 புள்ளிகள் தரும். பதிவில் கலக்கும் மின் இரைச்சலைக் குறைக்கக் கடுமையாக வடிகட்டினால் அதிலும் உச்சம் மழுங்கும், அதை மறைக்க விரும்பவில்லை. என்றாலும் தாவல் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் மெதுவான கேமராவைவிட எலக்ட்ரோடையே நம்புவேன். விநாடிக்கு 1000 படம் எடுக்கும் கருவி கையில் இருந்தால் முடிவு மாறிவிடும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தாவல் முடிந்த கணத்தில் பாவை லேசாகக் குலுங்கும், கண்விழியே அதிர்ந்ததுபோல் பதிவாகும்.

மேலும் கீழுமான அசைவுக்கு இ.ஓ.ஜி.யைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. இமை கார்னியாவின் மேல் நகர்ந்தாலே போதும், கண் அசைந்த மாதிரி பெரிய அலை எழும்பும். செங்குத்துத் தாவல்கள் முதலில் மந்தமாகும் பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி) போன்ற நரம்பு நோயைத் தேடும்போது இந்தக் குழப்பம் தாங்காது. அங்கே வேகமான கேமராதான் வேண்டும்.

இமை மூடிய கண்ணுக்குள் கேமராவுக்கு வேலையில்லை. 1953இல் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளீட்மனும் தூக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் கட்டத்தை அறிவித்தபோது, அவர்கள் கையில் இருந்தது எலக்ட்ரோடுப் பதிவு. இன்றும் தூக்க ஆய்வுக்குப் படுப்பவரின் கண்ணோரத்தில் அதைத்தான் ஒட்டுகிறார்கள்.