இரட்டைச் சகோதரரைத் தேடித் தருவதாகச் சொல்வோரிடம் உங்கள் முகத்தையும் எச்சிலையும் கொடுத்துவிடாதீர்கள்

மட்டக்களப்பு எழுவான்கரையை (வாவியின் கிழக்குக் கரை) சேர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து, தனியார் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பதினொரு மாதங்களில் 1,075,000 ரூபா வாங்கியிருக்கிறார். குடும்பத்தின் மூத்தவர் சுவிஸில் கடைகள் வைத்திருக்கும் வசதியானவர். 1978 மே 12இல் இரட்டையராகப் பிறந்தவர்களில் ஒருவர் அவர். அந்த ஆண்டு நவம்பர் 23 சூறாவளியில் வீடு போய், தாயும் நோயில் விழ, மற்றக் குழந்தையைப் பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்கு வளர்க்கக் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பெற்றோர் இப்போது உயிரோடில்லை. தம்பியைத் தேட வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இவரிடம் மிஞ்சியது.

இது எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. காணாமற்போன அண்ணனையோ மாமாவையோ தேடும்போது ஏமாற்றுபவர் ஒரு ஆளை உருவாக்கிக் காட்ட வேண்டும். இரட்டையரைத் தேடும்போது அந்த வேலையே இல்லை. தேடுபவரே தன் முகத்தையும் பிறந்த திகதியையும் டீ.என்.ஏ.யையும் கொடுத்துவிடுகிறார். அவற்றையே வேறு உறையில் போட்டுத் திருப்பித் தந்தால் போதும்.

பணம் நான்கு தவணையாகப் போயிற்று. பதிவுக் கட்டணம் 150,000. வான் வாடகை, தங்குமிடம் என்று 85,000. "டீ.என்.ஏ. சோதனைக்கு" 240,000. கடைசியாக, "அண்ணன், ஆள் கிடைச்சிட்டார். ஆனா வளர்த்த ஆக்கள் கதைக்க விடுறாங்க இல்ல, ஏதும் குடுத்துத்தான் சரிப்படுத்தணும்" என்று 600,000. இதற்குப் பிறகு தொலைபேசி ஓய்ந்தது.

முதல் அறிக்கையில் வந்தது ஒரு படம். கொக்கட்டிச்சோலை கோயில் வீதியில் ஒருவர் நிற்கிறார். "அவருக்குத் தெரியாமல் வீதிக்கு மறுபுறமிருந்து எடுத்தது" என்று கீழே குறிப்பு. முகம் அச்சொட்டாக, தேடுகின்ற அண்ணனின் முகம். வகிடு மட்டும் மறுபக்கம், கன்னத்து மச்சமும் மறுபக்கம். ஒத்த இரட்டையரில் சிலருக்கு இப்படிக் கண்ணாடிப் பிம்பம்போல அமைவது உண்மைதான். அதைச் சொல்லியே நம்ப வைத்தார்கள். ஆனால் சட்டையைப் பார்த்தால் விடயம் வெளிச்சம். ஆண்களின் சட்டையில் பை இடது மார்பில் இருக்கும், இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும், பொத்தான்கள் வலப்பக்கம் தைத்திருக்கும். இந்தப் படத்தில் மூன்றுமே மாறி இருந்தன. அண்ணன் முகநூலில் போட்டிருந்த பழைய படத்தைத் திருப்பி, பின்னணியை மாற்றி, முடியைச் சற்று நரைக்க வைத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவில் தானே எடுக்கும் படமும் சில வேளை இப்படித் திரும்பி விழும். ஆகவே சட்டைப் பையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் தூரத்திலிருந்து இன்னொருவர் எடுத்த படம் ஒருபோதும் தானாகத் திரும்பாது.

படம் வந்தால் அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்க வேண்டாம். அப்படி அனுப்பும்போது எடுத்த நேரம், கருவி பற்றிய விபரங்கள் அழிந்துவிடும். மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நேரடி வீடியோ அழைப்பு மேல். தலையை முழுதாக இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள், விரித்த கையை முகத்தின் குறுக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். கணினியில் ஒட்டிய முகம் அந்த இடத்தில் பெரும்பாலும் குலையும். "சிக்னல் இல்லை" என்று மூன்று முறை வந்தால் அடுத்த தவணையை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இரட்டையர் என்றால் ஒரே முகம் என்பது பலர் மனதில் இருக்கும் எண்ணம். உண்மையில் இரட்டையரில் பெரும்பாலானோர் இரு வேறு கருக்களிலிருந்து வந்தவர்கள். சாதாரண அண்ணன் தம்பி அளவுக்குத்தான் ஒத்திருப்பார்கள். இவர்கள் எந்த வகை என்று இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒத்த முகத்தை எதிர்பார்த்தார்கள், எதிர்பார்த்ததே வந்தது.

அடுத்தது டீ.என்.ஏ. சோதனை. மிகப் பெரிய பொய் இங்கேதான், அதுவும் மிக எளிதாக. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக் குச்சிகள் நான்கை அனுப்பும்படி கேட்டார்கள்: இரண்டு சோதனைக்கு, பழுதானால் மாற்றாக இரண்டு. அண்ணன் நான்கையும் சுவிஸிலிருந்து கூரியரில் அனுப்பினார். இரண்டு அவர் பெயரிலும், மற்ற இரண்டு "தம்பி" பெயரிலும் ஆய்வுகூடத்துக்குப் போயின. பரிசோதித்த எல்லாக் குறியிடங்களும் பொருந்தின, முடிவு "ஒத்த இரட்டையர் அல்லது ஒரே ஆள்". அறிக்கையின் முதற்பாதியை மட்டும் அவருக்குப் படமெடுத்து அனுப்பினார்கள். ஆய்வுகூடம் தவறு செய்யவில்லை. தன்னிடம் வந்ததைச் சோதித்தது. வழக்கமான சோதனையால் ஒருவரையும் அவருடைய ஒத்த இரட்டையரையும் வேறுபடுத்தவே முடியாது. அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில், மாதிரிகள் வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டவை, யாருடையவை என்பது உறுதிசெய்யப்படவில்லை என்று இருந்தது. அந்த வரி பிறகுதான் குடும்பத்தின் கண்ணில் பட்டது.

ஆகவே மாதிரியை யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது. தேடுபவர் தான் வாழும் நாட்டின் ஆய்வுகூடத்துக்கு நேரில் போக வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவர் இங்குள்ள ஆய்வுகூடத்துக்கு நேரில் வர வேண்டும். அங்குள்ள ஊழியரே அடையாள அட்டையைப் பார்த்து, படமெடுத்து, கைவிரல் அடையாளம் வாங்கி, மாதிரியை எடுத்து முத்திரையிட வேண்டும். ஒத்த இரட்டையருக்கும் கைரேகை வேறு. அண்ணனும் தன் கைரேகையைக் கொடுத்து வைத்தால், "தம்பி" என்று வந்த பதிவு அவருடையதேதானா என்று ஒப்பிட்டுவிடலாம். அறிக்கை ஆய்வுகூடத்திலிருந்து நேராக உங்களுக்கு வர வேண்டும். வந்த பிறகு, அறிக்கையில் அச்சிட்ட இலக்கத்துக்கு அல்லாமல் நீங்களே தேடியெடுத்த இலக்கத்துக்கு அழைத்து, அறிக்கை எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு கல்முனையில் மீட்கப்பட்டு, வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட குழந்தையை நம் பகுதியில் மறந்தவர் இருக்க மாட்டார்கள். பெற்றோர் என்று கோரியவர்களின் கண்ணீரை மட்டும் பார்த்து நீதிமன்றம் குழந்தையைக் கொடுக்கவில்லை. நீதிமன்றக் கட்டளையோடு டீ.என்.ஏ. சோதனை நடந்து, 2005 பெப்ரவரியில்தான் குழந்தை பெற்றோரின் கைக்குப் போனது. அந்த அளவு ஒழுங்கை நாமும் கேட்க வேண்டும்.

மூன்றாவது சான்றாக வந்தது தேசிய அடையாள அட்டையின் பிரதி. பழைய ஒன்பது இலக்க எண், முதல் ஐந்து இலக்கம் 78132. நம் அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக வரும், நாட்கணக்கு அதேதான். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாக வைத்தே அந்தக் கணக்கு போடப்படுகிறது. மே 12 என்றால் 31, 29, 31, 30, 12 கூட்டி 133 வர வேண்டும். போலி செய்தவர் சாதாரண நாட்காட்டியைப் பார்த்து 132 போட்டிருக்கிறார். மார்ச் 1க்குப் பிறகு பிறந்த யாருடைய அட்டையையும் இப்படி ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். வளர்த்தவர்கள் வேறு திகதியில் பிறப்பைப் பதிந்திருந்தால் எண் மாறும் என்பது சரி. ஆனால் இந்தப் பிரதியில் பிறந்த திகதி மே 12 என்றே எழுதியிருந்தது.

முழுப் பொய்யும் உடைந்தது இந்த எண்ணால் அல்ல, ஒரு பெரியம்மாவால். வளர்த்த தம்பதி வாவிக்கு மறுகரையிலுள்ள கொக்கட்டிச்சோலை ஆட்கள் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது, துப்பறிவாளரிடமும் அப்படியே சொன்னது. அறிக்கையில், "மண்முனைத் துறையால் குழந்தையைக் கொண்டுவந்ததை அயலவர் உறுதிப்படுத்தினார்" என்று வந்தது. கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் சொன்னார்: "கொக்கட்டிச்சோல இல்ல மனே, மண்டூர். குருமண்வெளித் துறையால தோணி ஏறித்தான் புள்ளையக் கொண்டு போன. நானும் துறை மட்டும் போனனான்." குடும்பம் தவறாகச் சொன்ன ஊரில், நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடைத்திருக்கிறது. ஆள் அங்கே போகவேயில்லை. சொன்னதை வைத்தே கதை கட்டியிருக்கிறார்.

இந்தக் குடும்பத்துக்குத் தற்செயலாக நடந்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்யலாம். யாரிடம் தேடலை ஒப்படைத்தாலும் தெரிந்ததில் பாதியை மட்டும் சொல்லுங்கள். தழும்பு, மருத்துவிச்சியின் பெயர், குழந்தையோடு கொடுத்த அரைஞாண் போன்ற ஒன்றையாவது வீட்டுக்குள்ளேயே வையுங்கள். உண்மையில் தேடுபவர் அதைக் கொண்டுவந்து உங்களுக்குச் சொல்வார். பாதிப்பில்லாத ஒரு தவறான விபரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அது "உறுதியாகி" வந்தால் கணக்கை முடித்துவிடலாம்.

அதே அறிக்கையில் நம் ஊர்க்காரர் யார் வாசித்தாலும் நின்றுவிடும் வரி ஒன்று இருந்தது. வளர்த்த தந்தைக்கும் தாய்க்கும் ஒரே குடிப் (குலப்) பெயரை எழுதியிருந்தார்கள். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வது வழக்கமில்லை. வெளியூர்க்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உண்மையில், கொடுக்கப்பட்ட பிள்ளையைத் தேட இந்தக் குடி முறையைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. கலியாணப் பேச்சில் குடி கேட்பார்கள் என்பதால், எந்தப் பிள்ளை வயிற்றுப் பிள்ளை, எது எடுத்து வளர்த்த பிள்ளை என்று அந்தக் குடியின் மூத்த பெண்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடம் கேட்டால் எந்த வீட்டில் விசாரிப்பது என்று வழிகாட்டுவார்கள். வளர்ந்தவருக்குத் தான் எடுத்து வளர்க்கப்பட்டவர் என்பது தெரியாமலும் இருக்கலாம். அதனால் வாசலில் நின்று கேட்கிற விசாரணை அல்ல இது. உறவில் ஒரு பெரியவரை முன்விட்டு மெதுவாகக் கேட்க வேண்டியது.

ஆவணத் தேடலுக்குத் துப்பறிவாளர் தேவையே இல்லை. பிறப்பு பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில், தாயின் முழுப் பெயரையும் திகதி இடைவெளியையும் கொடுத்துப் பதிவைத் தேடும்படி விண்ணப்பிக்கலாம். இரட்டையர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு இருக்கும்: ஒரே தாய், ஒரே திகதி, பெரும்பாலும் அடுத்தடுத்த இலக்கம். ஒன்று மட்டும் கிடைத்தால், மற்றக் குழந்தை வளர்த்தவர்களின் பெயரில் வேறு பிரதேசத்தில் பதியப்பட்டிருக்கக் கூடும் என்று தேடலைத் திருப்ப வேண்டும். சட்டப்படி தத்துக் கொடுத்திருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கேடு இருக்கும். சட்டத்தரணி மூலம் கேட்கலாம். போரிலோ சுனாமியிலோ பிரிந்தவர் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு சேவையும், போரில் காணாமற்போனவர் என்றால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் மட்டக்களப்புக் கிளையும் இருக்கின்றன. இரண்டும் பணம் கேட்பதில்லை.

வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளின் தேடலில் இன்னொரு சிக்கல் உண்டு. 1970, 80களில் போன பல கோப்புகளில் தாய் என்று கையெழுத்திட்டவரே பெற்ற தாய் அல்ல. சுவிஸ் அரசு 2020இல் இதுபற்றி வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. கோப்பில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம், அங்கேயும் டீ.என்.ஏ. முடிவு வரும்வரை பொறுங்கள்.

அப்படியும் ஆள் வைத்துத்தான் தேடுவதென்றால், நாட்களுக்கல்ல, கொண்டுவரும் ஆவணத்துக்குப் பணம் கொடுங்கள். யாரைச் சந்தித்தார், எங்கே, எப்போது என்பது பெயரோடு வேண்டும். "அயலவர்" என்பது பெயரல்ல. வாகனக் கணக்கைத் தூரத்தோடு ஒப்பிடுங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்தான். இந்தக் குடும்பத்தின் பற்றுச்சீட்டில் ஒரே நாளில் போய்வர 640 கிலோமீற்றர் போட்டிருந்தது. தொலைபேசி அழைப்பு விபரம், வங்கி விபரம், குடிவரவுத் தகவல் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தனியாருக்கு அந்த அதிகாரம் இல்லை. பொய்யாக இருக்கும், அல்லது உங்களையும் குற்றத்தில் இழுக்கும்.

ஆவணம் எடுக்க என்று அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தக் குடும்பம் கையெழுத்திட்ட பத்திரத்தில் காணி பற்றிய வாசகமும் சேர்ந்திருந்தது. பிரிந்த இரட்டையர் பெற்றோரின் சொத்துக்கும் பங்காளியாக வரக்கூடியவர். போலித் "தம்பி" ஒருவரை நிறுத்தினால் இழப்பு பத்து இலட்சத்தோடு நிற்காது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே சட்டத்தரணியிடம் போய் எழுத்தில் இரத்துச் செய்து பதிவு செய்யுங்கள். காணிப் பதிவகத்தில் கேவியட் (உங்களுக்கு அறிவிக்காமல் பதிவு நடவாதபடி இடும் எச்சரிக்கை) போடுவது பற்றியும் கேளுங்கள்.

முறைப்பாட்டுக்குப் போகும்போது வங்கிச் சீட்டுகள், கூரியர் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் தேவைப்படும். உரையாடலை அச்செடுங்கள், ஆனால் அது உள்ள தொலைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். கோபத்தில் மிரட்டல் குரற்பதிவு அனுப்பினால் எதிர்முறைப்பாடு வரும். ஏமாற்றிப் பொருளைப் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வரும் குற்றம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். நான்கு பஞ்சுக் குச்சி கேட்ட ஆள் உங்களிடமும் வந்திருந்தால், ஆய்வுகூடத்திடம் உங்கள் பெயரில் வந்த மாதிரிகள் எந்தத் திகதியில், யார் கையால் ஒப்படைக்கப்பட்டன என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் பொலிஸிடம் கொடுங்கள்.