ஒரே மையமா, ஊருக்கு ஓர் அறையா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளின் பரிசோதனை, சிகிச்சைக்கு அரசு பணம் ஒதுக்கினால் எங்கே போடுவது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே மையமா, ஓசூர், தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனைகளில் தனித்தனி அறைகளா?

தூரத்தைப் பார்த்தால் அறைகள்தான் மேல். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து பஸ் மாறி வருவதற்குள் பொழுது போய்விடும். தடயம் முதல் 72 மணி நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிட்டால் பெரும்பாலும் போச்சு.

ஆனால் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். ராத்திரி அவர் இல்லையென்றால் அறைக்கு டைல்ஸ் ஒட்டி என்ன பயன்? குழந்தையை மறுபடி ஆம்புலன்ஸில்தான் ஏற்ற வேண்டும். கைப்பழக்கமும் முக்கியம். மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியை நிழலில் உலர்த்தாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காகித உறை, அரக்கு முத்திரை, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, இதில் ஒன்று விட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

மனநல ஆலோசனை மாதக்கணக்கில் நீளும். அதற்கு ஒரே மையம் சரிப்படாது. மூன்றாவது தடவை பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றுவிடுவார்கள்.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் செலவில் மத்திய, மாநிலப் பங்கு 60:40. எந்தக் கணக்கில் வந்தாலும், கட்டடத்தைவிட இரவுப் பணி மருத்துவருக்கும் பஸ் காசுக்கும் முதலில் ஒதுக்குங்கள். பரிசோதனை கிருஷ்ணகிரியில், ஆலோசனை ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும்.