'நாவிக் ஆன்டெனா' ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள் – ஆழ்கடல் படகுக்காரர்கள் கவனத்துக்கு

என் அண்ணன் படகுக்கு 'நாவிக் ஆன்டெனா' என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒரு கடையில் விற்ற ஜிபிஎஸ் ஆன்டெனா போலி. நாவிக் என்பது ஜிபிஎஸ் போல, செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் காட்டும் நம் நாட்டு அமைப்பு. புகார் கொடுக்கப் போவதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே ஸ்டிக்கர் ஒட்டிய ஆன்டெனாவைத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வேறு படகுகளிலும் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். அண்ணன் படகு லட்சத்தீவு தாண்டிப் போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வது. பழைய ஆன்டெனா காற்றில் உடைந்துவிட, புதியது கேட்டுப் போயிருக்கிறார். "அண்ணாச்சி, இது நம்ம இஸ்ரோவோட நாவிக், ஜிபிஎஸ் ரெண்டும் பிடிக்கும். 40 டெசிபல் பவர். கடலுக்குன்னே செஞ்சது" என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கி, அவர்களே ஆள் அனுப்பி மாட்டியும் கொடுத்தார்கள்.

முதலில் ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் அவ்வப்போது பொசிஷன் போய்விடும், வரும், மறுபடி போகும். மாலத்தீவு எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்கவே நின்றுவிட்டது. அருகில் இருந்த படகின் ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) வயர்லெஸ்ஸில் தன் பொசிஷனைச் சொல்லச் சொல்ல, அதை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கடலில் சில மைல் தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாலத்தீவிலும், அதற்கும் தெற்கே உள்ள டியாகோ கார்சியா தீவிலும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகையும் பிழைப்பையும் இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டபோது, "மழைமேகம் இருந்தா அப்படித்தான்" என்றார்கள். இது பொய். ஜிபிஎஸ் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். மழையும் மேகமும் அதைக் கண்ணில் படும் அளவுக்குக் குறைப்பதில்லை. வீட்டு டிடிஎச் மழையில் நிற்பது, அது 10,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால். இரண்டாவது முறை போனபோது, ரிசீவர் பழசு என்று சொல்லிப் புது ரிசீவரையும் அவர் தலையில் கட்டினார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

விடுமுறையில் வந்ததும் அந்த வெள்ளை மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது காரில் ஒட்டும் சதுர ஆன்டெனா. கார் கூரையில் ஒட்டுவதற்கான காந்தத்தைக்கூட எடுக்கவில்லை. மூடியின் விளிம்பில் பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கோன். புளித்த வாடை அடிக்கும் அந்த வகை சிலிக்கோன் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது செம்பை அரிக்கும். கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. அதைவிட மோசம் கேபிள். ஆன்டெனாவோடு வந்த நூல் போன்ற ஆர்ஜி-174 கேபிள் நீளம் போதாமல், நடுவில் வெட்டி, வேறொரு கேபிளோடு கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். ஆர்ஜி-174 இந்த அலைவரிசையில் ஒரு மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் சிக்னலைத் தின்னும். உப்புத் தண்ணீர் இறங்கிய முறுக்கு எவ்வளவு தின்னும் என்பதற்குக் கணக்கே கிடையாது. மூடியிலும் கேபிளிலும் தண்ணீர் போனதால்தான் மழை நாளில் கோளாறு அதிகமாகியிருக்கிறது. கடைக்காரரின் சாக்குக்கு அதுவே வசதியாகிவிட்டது.

எனக்கு அதிகம் கோபம் வந்தது நாவிக் பெயரை எடுத்து விற்றதில். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் அந்தப் பெயர் மேல் ஒரு நம்பிக்கை உண்டு, அதைத்தான் காசாக்கியிருக்கிறார்கள். நாவிக்கின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில்தான் அனுப்புகின்றன. மேலே சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் எல்1 பட்டையில் நாவிக் சிக்னல் வந்ததே 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள் முதல்தான். இந்தச் சதுரத் துண்டு எல்1 மட்டும் பிடிப்பது, பழைய நாவிக் சிக்னல் எதுவும் இதற்குள் வரவே வராது. அவர்கள் விற்ற ரிசீவரின் புத்தகத்தைப் பார்த்தால், அது ஜிபிஎஸ் மட்டுமே படிப்பது! இரண்டில் எதற்கும் நாவிக்கோடு சம்பந்தமில்லை.

"40 டெசிபல் பவர்" என்பதும் அப்படித்தான். அது சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவுதான். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் கேபிளில் போகும் இழப்பை ஈடுகட்டத்தான். எவ்வளவு வரை ஏற்கும் என்று ரிசீவர் புத்தகத்தில் போட்டிருக்கும், அதற்கு மேல் போனால் ரிசீவர் திணறும். அந்த ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது, பக்கத்து அலைவரிசைகளை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான் வேலை செய்யும் கப்பல்களில் இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கும், அது அனுப்புவது 1626.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே. ஜிபிஎஸ்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒன்று கத்திக்கொண்டிருக்கும்போது, ஃபில்டர் இல்லாத ஆன்டெனா தாங்காது.

மாட்டிய இடமும் தவறு. ரேடார் சுற்றும் உயரத்திலேயே, விஎச்எஃப் (வயர்லெஸ்) ஆன்டெனாக் கம்பியை ஒட்டி வைத்திருந்தார்கள். ரேடார் கற்றைக்கு வெளியே, விஎச்எஃப் கம்பியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, நாலாபுறமும் வானம் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். படகில் டிவி பூஸ்டர் இருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். 2001-ல் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் முடங்கியது படகுகளில் இருந்த டிவி ஆன்டெனா ஆம்ப்ளிஃபயர்களால்தான்.

வாங்கும்போது டேட்டாஷீட் கேளுங்கள். எந்த அலைவரிசை, எத்தனை வோல்ட், எத்தனை டெசிபல், எந்தக் கேபிளில் எத்தனை மீட்டர் வரை என்று அதில் இருக்கும். அதைக் காட்ட முடியாத கடையில் வாங்காதீர்கள். ஐபி67 என்ற தண்ணீர் புகாத் தரம் மட்டும் போட்டிருந்தால் போதாது. அது தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்பதற்கான சோதனை, உப்புக்கும் வெயிலுக்கும் அல்ல. கடல் கருவிகளுக்கு ஐஇசி 60945 என்ற தரம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். நடுவில் ஒட்டுப் போடாத ஒரே நீளக் கேபிள், கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே மாட்டியிருப்பவர்கள் ரிசீவரில் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் சிக்னல் பலம் ஓர் எண்ணாக (டெசிபல்-ஹெர்ட்ஸ்) இருக்கும்; திறந்த வானத்தில் உச்சியில் இருக்கும் சாட்டிலைட்டுகள் 40-க்கு மேல் காட்ட வேண்டும். எல்லாமே 35-க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவையோ கேபிளையோ சந்தேகப்படலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "இது தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் கடைக்காரர். அதுவும் முழு உண்மை அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை விலக்கவில்லை. அண்ணன் தானே படகில் போகிறவர். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யப்போகிறோம், தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார் கொடுக்க 2 வருடம் வரை நேரம் உண்டு. அதே ஸ்டிக்கர் உள்ள ஆன்டெனா உங்களிடம் இருந்தால் பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.