ஸ்கேனரில் எது கேட்கும், எது கேட்காது: கல்லடியிலிருந்து ஒரு அனுபவம்

யுனிடன் பி.சி.125ஏ.ரி. என்ற ரேடியோ ஸ்கேனரைச் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடி, மற்றவர்கள் ரேடியோவில் பேசுவதைக் கேட்க வைக்கிற கருவி இது, பேச முடியாது. இங்கே இதை வாங்க நினைக்கிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: மட்டக்களப்பில் இது வானத்துக்கும் கடலுக்குமான ரேடியோ. வேறு எதையாவது எதிர்பார்த்தால் காசு வீண்.

25 முதல் 512 மெகாஹேர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நடுவில் இடைவெளிகள் உண்டு. 54க்கும் 108க்கும் இடையில் எதுவும் எடுக்காது. அதனால் சாதாரண எப்.எம். பாட்டுக்கூடக் கேட்க முடியாது. போன் அழைப்புகள் 900, 1800 மெகாஹேர்ட்ஸ் என்று எல்லைக்கு வெளியே போகின்றன. எட்டினாலும் அவை குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது மற்றவர்களுக்குப் புரியாதபடி பூட்டப்பட்டவை. டிஜிட்டல் வோக்கிடோக்கி பேச்சு வெறும் இரைச்சலாக விழும். அதைப் பிரித்துத் தருகிற விலைகூடிய ஸ்கேனர்கள் இருக்கின்றன, ஆனால் குறியாக்கம் செய்த பேச்சை அவற்றாலும் திறக்க முடியாது.

விமானங்கள்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை, ஏ.எம். முறையில் பேசுவார்கள். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால் உயரம்தான் எல்லாம். 10,000 மீற்றர் உயரத்தில் பறக்கிற விமானம் 400 கிலோமீற்றர் தூரத்திலிருந்தும் கேட்கலாம். விமானி பேசுவது தெளிவாக வரும். தரையிலிருந்து போகிற பதில் பல நேரம் வராது, நிலையம் மலைகளுக்கு அப்பால் இருந்தால் அப்படித்தான். வங்காள விரிகுடாவின் நடுப்பகுதிக்குப் போய்விட்ட விமானங்கள் எச்.எப். சிற்றலைக்கு மாறிவிடும். அது இந்தக் கருவிக்கு எட்டாது.

கடற்பக்கம் 156.8 மெகாஹேர்ட்ஸ், அதாவது 16ஆம் சனல். கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதும் அவசர அழைப்பும் இதில்தான். சாதாரண நாளில் கரையிலிருந்து சிறு படகு பதினைந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் கேட்பது கஷ்டம். ஆனால் கச்சான் காற்றுக் காலத்தில் பாருங்கள்! தரையிலிருந்து வரும் சூடான உலர்காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேலே படியும்போது அலை வளைந்து வெகுதூரம் வரும். மற்ற நாளில் கேட்கவே கேட்காத கப்பல்கள் அந்த மாலைகளில் பக்கத்தில் நிற்பதுபோலப் பேசும். அதற்காகவே மொட்டைமாடியில் காத்திருப்பேன்.

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற பல நாள் படகுகளின் குடும்பங்கள் சிலர் என்னிடம் இதைப்பற்றி விசாரித்தார்கள். தயவுசெய்து அதற்காக வாங்காதீர்கள். அந்தப் படகுகள் தூரத்திலிருந்து கரையோடு பேசுவது எச்.எப். சிற்றலையில், எஸ்.எஸ்.பி. என்ற ஒலிபரப்பு முறையில். அதைக் கேட்க எஸ்.எஸ்.பி. வசதியுள்ள சிற்றலை ரேடியோ வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளையின் குரலை நம்பி இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடாது.

வாங்கினால் கூடவே வருகிற குட்டி அன்ரெனாவோடு நிற்காதீர்கள். தென்னைகளுக்கு மேலே ஒரு கம்பம் நட்டு வெளி அன்ரெனா பூட்டுங்கள். விலைகூடிய ஸ்கேனரைவிட அது அதிகம் தரும். கடற்காற்று இணைப்புகளைத் தின்றுவிடும், நீர் புகாத நாடா சுற்றுங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதானால் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். கேட்ட பேச்சைப் பதிந்து வட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள், அது அடுத்தவருடைய பேச்சு.